பாலைவனத்தில் வண்டி நிறுத்தியிருக்கும் மகளுக்கு

திருச்செங்கோடு

அன்புள்ள கண்ணு,

ஏப்ரலில், வண்டியையே வீடாக்கி வாழும் நாங்கள் ஐந்து வண்டிகளாக ஒன்றாகச் சேர்ந்து, அரிசோனாவின் குவார்ட்ஸைட்டிலிருந்து கிளம்பி மலைப்பக்கம் போகப் போகிறோம், இப்படி ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். கேட்டேன். "டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்" என்றார். அவ்வளவுதான் பதில். பாதி ஆயுளை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு கழித்த மனிதர். ஆனால் அந்த வாழ்க்கை எப்படி நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அதை நடத்தியது வீட்டில் இருந்த நாங்கள். ஆகையால் நானே எழுதுகிறேன்.

உன் கூட்டாளிகளுக்கு இதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வாய் என்பதால், உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன். கர்நாடகத்திலோ மகாராஷ்டிரத்திலோ ராஜஸ்தானத்திலோ எங்காவது ஒரு காட்டில் போர் போடுகிறார்கள் என்றால், அங்கே நிற்கிற வண்டியில் நம் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். முன்னால் ரிக் வண்டி, பின்னால் ராடும் கேசிங் பைப்பும் அரிசி மூட்டையும் ஏற்றிய சப்போர்ட் வண்டி. டிரைவர், டிரில்லர், உதவி ஆட்கள், சமையல்காரர், எல்லோருக்கும் மேலே உன் அப்பா மாதிரி ஒரு மேனேஜர். மாதக்கணக்கில் அதுதான் அவர்களுக்கு வீடு. மழை வந்தால் வண்டிக்கு அடியில், இல்லாவிட்டால் வண்டிக்கு மேலே படுக்கை. மழைக்காலத்தில் வேலை குறையும்போது ஊர் திரும்புவார்கள். வேனில் வாழ்வதை உன் தலைமுறை கண்டுபிடித்ததாக உன் நண்பர் ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டி வைத்தேன்.

அந்த ஆட்கள் எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தார்கள் என்று சிறு வயதில் நீ நினைத்திருப்பாய். இல்லை. ஒரு சீசனில் டிரில்லருக்கும் சமையல்காரருக்கும் ஊறுகாயில் தொடங்கிய சண்டை. நாசிக்கில் பேச்சை நிறுத்தியவர்கள் ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதே சீசனில் ராடு மாட்டும்போது அந்த டிரில்லரின் கை நசுங்கியது. நள்ளிரவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அந்தச் சமையல்காரர்தான். பாசம் பொங்கி அல்ல. யாருக்காவது அடிபட்டால் சமையல்காரர் கூடப் போக வேண்டும், மற்றவர்கள் ரிக்கை விட்டு நகரக் கூடாது என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தார்கள். அடுத்த வேளைச் சோற்றை யார் ஆக்குவது என்பதும் பேசி வைத்ததுதான்.

"எங்கள் கூட்டத்தில் விதியே கிடையாது, அவரவர் இஷ்டம்" என்று நீ எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தவர்களோடு சேர்ந்து இருப்பது சுகம்தான். ஆனால் ஒருவரையொருவர் பிடித்திருப்பதை நம்பி ஐந்து வண்டிகள் காட்டுக்குள் போகக் கூடாது. யார் காய்ச்சலில் படுத்தால் யார் மருந்து வாங்கப் போவது, ஒரு வண்டி நின்றுவிட்டால் மற்றவர்கள் எத்தனை நாள் காத்திருப்பது, யாருக்காவது பிரிந்து போக வேண்டும் என்று தோன்றினால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பதையெல்லாம் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே பேசிவிடுங்கள். பிரிந்து போகிறவரை யாரும் ஏன் என்று கேட்க வேண்டாம். சொல்லாமல் போவது மட்டும் கூடாது.

நீ இருக்கிற இடத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நாங்கள் உன்னைப் பார்க்க வந்திருந்தபோது பக்கத்தில் இருந்தாரே, ஒரிகன் மாநிலத்து அம்மாள், அவரை நினைத்துப் பார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்ததும் முன்கண்ணாடியில் மாட்டியிருக்கும் வெள்ளி நிறத் தட்டியைச் சுருட்டி எடுத்துவிடுவார். எதிரே நிற்கும் பழைய வேனில் இருக்கும் தாடிக்காரர் அதைப் பார்த்த பிறகுதான் தன் காபியைக் குடிப்பார். பத்து மணிக்குள் தட்டி இறங்கவில்லை என்றால் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். நான் அங்கே இருந்தவரை அந்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "அவருடைய அரசியல் எனக்கு ஆகாது" என்றார் அந்த அம்மாள். எனக்கு நம் டிரில்லரும் சமையல்காரரும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

குவார்ட்ஸைட்டைப் பற்றி இங்கே கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோடையில் வெயில் தாங்காமல் காலியாகிவிடும் சின்ன ஊர். குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து போகிறார்கள். அரசு நிலத்தில் பல இடங்களில் பதினான்கு நாள் இலவசமாக இருந்துவிட்டு நகர வேண்டும் என்ற விதியும், அங்கே லா போசா என்ற முகாம் நிலத்தில் சீசன் கட்டணம் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தண்ணீரும் குப்பைத் தொட்டியும் கழிவு கொட்டும் வசதியுமாக இருந்துகொள்ளலாம் என்ற ஏற்பாடும் உன் சித்தப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டன. நம் ஊரில் புறம்போக்கு நிலத்தில் இப்படி ஒரு திட்டம் வந்தால் முதல் நாளே பட்டா போட்டுவிடுவார்கள் என்றார். அப்பாவுக்குப் பிடித்தது கல்லறையில் பார்த்த அந்தக் கூம்புதான். 1856-இல் அமெரிக்க ராணுவத்தின் ஒட்டகங்களோடு வந்து, கடைசியில் அந்தப் பாலைவனத்திலேயே மடிந்த ஹாஜி அலியின் சமாதி. உச்சியில் ஒட்டகப் பொம்மை. தன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதுபோல அதன் முன்னால் நெடுநேரம் நின்றார்.

வண்டியில் வாழ்கிறவர்களுக்காகப் பாப் வெல்ஸ் என்பவர் தொடங்கிய ஜனவரிக் கூட்டத்தைப் பற்றி நீ சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. அவர் விவாகரத்துக்குப் பிறகு வாடகை கொடுக்க முடியாமல் அலாஸ்காவில் ஒரு பெட்டி வண்டிக்குள் குடியேறிய கடைச் சிப்பந்தி. தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லத் தொடங்கி, சில பத்துப் பேரோடு பாலைவனத்தில் தொடங்கிய கூட்டம் பிறகு ஆயிரக்கணக்கில் பெருகியது. வண்டியில் படுக்கை கட்டுவது எப்படி, குளிரில் எப்படித் தூங்குவது, வாளியைக் கழிப்பறையாக்குவது எப்படி என்றெல்லாம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வேண்டாத சாமான்களைக் குவித்து வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கென்று தனியாகவும் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். 2018-இல் தொடங்கிய அவர்களுடைய அறக்கட்டளை, கைக்கு வழியில்லாதவர்களுக்கு வண்டியை வாழத் தக்கதாக மாற்றித் தருகிறது. நல்ல காரியம். ஆனால் ஜனவரி முடிந்தால் கூட்டம் கலைந்துவிடுகிறது. ஜூலை மாதத்தில் ஒரு கிழவியின் வண்டி வழியில் நின்றுவிட்டால் யார் வருவார்கள் என்பதுதான் என் கேள்வி.

இதற்குத்தான் ஓடாமல் ஓரிடத்தில் இருக்கிறவர்கள் வேண்டும். நம் தெருவில் முதலில் தொலைபேசி வந்தது நம் வீட்டுக்கு. உனக்கு நினைவிருக்காது, நீ குழந்தை. எஸ்.டி.டி. கட்டணம் இரவில் குறைவு என்பதால் ரிக் ஆட்கள் சாப்பாடு முடிந்து பூத்தைத் தேடிப் போய் இரவில்தான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய மனைவிமார் ஞாயிறு இரவில் நம் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். என்னிடம் நீள நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம்: வாங்கிய முன்பணம், பேட்டா, ரத்த வகை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டில் யாரிடம் என்ன சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது, கடைசியாக எந்த ஊரிலிருந்து பேசினார். ஒருவர் வீட்டில் தாய் இறந்த செய்தியை மூன்று ஏஜென்ட் வழியாக மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பி, அவர் காரியத்துக்கு வந்து சேர்ந்தார் என்றால் அந்த நோட்டினால்தான்.

அமெரிக்காவிலும் இது புரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978-இல் தொடங்கிய எஸ்கேபீஸ் சங்கத்தைப் பற்றி அந்த ஒரிகன் அம்மாள்தான் சொன்னார். டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் அவர்களுக்கு அலுவலகம். ஊர் சுற்றுகிற உறுப்பினர்களின் கடிதங்களை வாங்கி, அவர்கள் இருக்கிற இடத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள். அதே ஊரில், வயதாகி வண்டி ஓட்ட முடியாமல் போனவர்களும் உடம்பு சரியில்லாதவர்களும் தங்கள் வண்டியிலேயே தங்கியபடி உணவும் உதவியும் பெற ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த வாழ்க்கையின்மேல் மரியாதை வந்தது. ஓட முடியாதவனுக்கும் இடம் வைத்திருக்கிற கூட்டம்தான் கூட்டம். உனக்கும் இப்படி ஒரு நிலையான முகவரி வேண்டும். கிரீன் கார்டு வைத்திருக்கிறவர்கள் முகவரி மாறினால் பத்து நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். அதைத் தள்ளிப் போடாதே.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் ஐந்து பேரில் உனக்கும் அந்தக் கணினிப் பையனுக்கும் மாதச் சம்பளம் வருகிறது. மற்ற மூவரும் ஓய்வூதியத்திலும், முகாம் காவல், பீட் கிழங்கு அறுவடை என்று சீசன் வேலையிலும் காலம் தள்ளுகிறவர்கள். ஐந்தாகப் பங்கு போட்டால் நியாயம்போலத் தெரியும். மாதக் கடைசியில் ஒருவர் "எனக்குப் பசியில்லை" என்று வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். ரிக்கில் அடிக்கணக்குக் கூலி ஆளுக்கு ஆள் வேறு, சோறு எல்லோருக்கும் ஒன்று. அந்தச் செலவு முதலாளி தலையில். உங்களுக்கு முதலாளி இல்லை. ஆகவே இணைய இணைப்புக்கான செயற்கைக்கோள் தட்டின் மாதக் கட்டணம், கேஸ், பொதுச் சமையல் ஆகியவற்றைச் சம்பளக்காரர்கள் இருவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பேசாதீர்கள். அவசரத்துக்கென்று ஒரு பொதுத் தொகை இருக்கட்டும். அதற்கு மட்டும் எல்லோரும் போட வேண்டும், ஐந்து டாலரானாலும் சரி. போட்டவருக்குத்தான் எடுக்கக் கூச்சம் இருக்காது. கணக்கு நோட்டு ஒருவரிடம் இருக்கட்டும், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

அந்த மூவரும் உன்னைப்போல ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை என்பதையும் மறக்காதே. கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஒரிகன் ஊர் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் படுத்துறங்குவதற்கு நகரங்கள் தண்டனை விதிக்கலாம் என்று 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து நகரத்துக்குள் வண்டியை நிறுத்தவே அந்த ஒரிகன் அம்மாளுக்குப் பயமாம். இரவில் யாராவது கதவைத் தட்டினால் உனக்கு அது எரிச்சல். அவருக்கு அது வேறு. நீங்கள் போகிற ஃபிளாக்ஸ்டாஃபில் ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று நன்றாக இருக்கும், ஆனால் ஊருக்குள் தண்ணீருக்கும் துணி துவைக்கவும் போகும்போது அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். நீ கூடப் போ.

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி என்று வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறீர்கள் என்பதை ஓரிடத்தில் இருக்கிற ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நானாகவே இருக்கிறேன். நம் ஞாயிறு இரவு எட்டரை மணி உங்களுக்கு ஞாயிறு காலை எட்டு மணி. அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் குழப்பமும் இல்லை. திங்கள் காலைவரை தகவல் வராவிட்டால் எந்தக் கவுன்டி ஷெரிப்பை, அதாவது அந்த வட்டாரப் போலீஸ் அதிகாரியை, கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் எழுதிவிடு.

ஐந்து பேரின் வண்டி எண், ரத்த வகை, சாப்பிடுகிற மருந்து, அவரவர் வீட்டில் யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் எனக்கு வேண்டும். தாடிக்காரரும் உங்களோடு வருகிறார் என்றால் அவருடைய மகளின் எண்ணையும் வாங்கி அனுப்பு. மகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்வார், பரவாயில்லை, எண் இருக்கட்டும். என் ஆங்கிலம் ஷெரிப்புக்குப் புரியுமா என்று அப்பா கேலி செய்கிறார். எதிர்வீட்டு ஆசிரியையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் பேசுவார். புது நோட்டு வாங்கியாகிவிட்டது.

டயரில் காற்றையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா