அவளுக்குக் காது கேட்க வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்து முடித்துவிட்டேன். எடின்பரோவில் வேலைக்கும் போய்க்கொண்டு, ராத்திரி உட்கார்ந்து தமிழில் தொடர்கதை எழுதுகிறாயே, அதுவே எனக்குப் பெருமை. அதிலும் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மலைநாட்டுக் காதல் கதையில் காது கேளாத பெண்ணை நாயகியாக்கியது மனசுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

முடிவில் அவளுக்குக் காது கேட்டுவிடும், காதலன் குரலை முதன்முதலாகக் கேட்பாள் என்றாய். வேண்டாம் கண்ணு. அப்படி முடித்தால், அதுவரை அவள் குறைப்பட்டவளாக இருந்தாள் என்று ஆகிவிடும். நம் சித்திக்கும் காது கேட்காதே, அவளுக்குக் கல்யாணமான புதிதில் சித்தப்பா தப்புத் தப்பாகச் சைகை காட்டுவார். சித்தி சிரித்துக்கொண்டே அவர் விரலைப் பிடித்து மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி, "இப்படி" என்று கண்ணாலேயே சொல்வாள். அவர் மறுபடி செய்து காட்டுவார். அதைவிட நல்ல காதல் காட்சியை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை. உன் நாயகனும் அவள் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். வாள் சுழற்றுகிற கை அதற்குத் தடுமாறட்டும்.

இன்னொன்று. அவன் பேசுவதையெல்லாம் உதட்டைப் பார்த்தே அவள் புரிந்துகொள்கிறாள். சித்திக்கு மீசை வைத்தவர்கள் பேச்சே பாதிதான் பிடிபடும். உன் ஆளுக்கோ அடர்ந்த தாடி. ஊர்க்காரர்களிடம் அந்த மலைநாட்டு மொழியான கேலிக், வெளியாட்களிடம் ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் பேசுகிறான். அந்தக் காலத்து மலைக் குடியானவர் வீட்டில் புகைபோக்கி கிடையாது, ஜன்னல் இருந்தாலும் சின்னதுதான், நடுவில் பீட் கட்டி, அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரி மண், புகைந்துகொண்டிருக்கும். அந்த இருட்டில் உதடு எங்கே தெரியும்? நம் வீட்டில் கரண்ட் போனால் சித்தியின் பேச்சு நின்றுவிடும், டார்ச் வரும்வரை காத்திருப்பாள். அல்லது என் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். உன் காதலர்களுக்கும் அந்த உள்ளங்கை போதும்.

வரலாறு பாடம் எடுத்த பழக்கம் போகுமா? தேடிப் படித்தேன். தாமஸ் பிரெய்ட்வுட் என்பவர் 1760ல் உன் ஊரிலேயே காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருக்கிறார். கட்டணம் வாங்கிய பள்ளி, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் எட்டியிருக்கும். 1773ல் ஹைலேண்ட் பயணம் முடித்து வந்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் அங்கே போனார். ஒரு பெண்ணின் சிலேட்டில் மூன்று இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் பெருக்கும் கணக்கை எழுதினார். அவள் விரல்கள் படபடவென்று ஆடின. இரண்டு வரியாகப் பெருக்கி எழுதிவிட்டு, கூட்டாமல் நிறுத்திக்கொண்டாள். இவ்வளவு சுலபமான வேலையை மதிக்கவில்லை போலும் என்று அவருக்குத் தோன்றியது. கூட்டுத்தொகை வரவேண்டிய இடத்தைக் காட்டியதும் சட்டென்று எழுதிவிட்டாள். அவள் பெயரை அவர் எழுதவில்லை. எனக்கு அவள்தான் உன் நாயகி! கதையை 1770களுக்குத் தள்ளினால், அந்தப் பள்ளியில் படித்துவிட்டு மலைக்குத் திரும்புகிறவளாக வைக்கலாம்.

அந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள் என்று நம்புவார்களா என்று தயங்காதே. பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் மகள் ஜோவானா பேச்சு வராதவள். மார்ட்டன் பிரபுவை மணந்தாள். டால்கீத் தேவாலயத்தில் அவர்கள் இருவரின் கற்சிலைகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. மழையில் முகம் தேய்ந்துவிட்டதாம். உனக்குப் பஸ் தூரம்தான், ஒரு நாள் போய்ப் பார். மெக்கென்சி குலத் தலைவர் சீஃபோர்த் பிரபு சிறுவயதில் காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர். அவர்தான் 1793ல் ஒரு ஹைலேண்ட் படைப்பிரிவையே திரட்டினார்.

கில்ட், அதான் ஆண்கள் இடுப்பில் உடுத்தும் அந்தக் கட்டம் போட்ட பாவாடை, அந்த விஷயத்தில் மட்டும் கவனம். அரசுப் படையிடம் கலகக்காரர்கள் தோற்ற கல்லோடன் போருக்குப் பிறகு 1747லிருந்து 1782 வரை மலைக்காரர்கள் அந்த உடை உடுத்தத் தடை. பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. ராணுவத்தில் இருப்பவனுக்கு விலக்கு உண்டு, வேண்டுமானால் அவனைச் சிப்பாயாக்கிவிடு.

அப்புறம், அடுத்த அத்தியாயத்துக்கு முன்னால் சித்தியிடம் வீடியோ காலில் பேசு. காதல் காட்சியில் கண் எங்கே இருக்கும், கை எங்கே இருக்கும் என்று அவள்தான் சரியாகச் சொல்வாள். ஞாயிறு சாயங்காலம் இருவரும் வீட்டில்தான் இருப்பார்கள்.

அன்புடன்,
அம்மா