இரும்புக்கை என்றால் அது வலது கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் காமிக்ஸ் கதைகள் சினிமாவாவதைப் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். எங்களைப் போன்ற ஆட்களையும் பேப்பர் நினைத்துப் பார்க்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் நடுவில் இருந்த காமிக்ஸ் ஹீரோ இரும்புக்கை மாயாவியின் படத்தில் இரும்புக்கை இடது பக்கம் இருந்தது. அது வலது கை. வரைந்தவரைக் குறை சொல்லவில்லை, பக்கம் கட்டும்போது கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிவிட்டிருப்பார்கள்.

இதற்குப் போய் ஒரு கடிதமா என்று வீட்டில் கேட்டார்கள். நீங்களும் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

மாயாவி தமிழுக்கு வந்தது 1972 ஜனவரியில், சிவகாசியிலிருந்து, முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆரப்பாளையம் கிராஸில் அப்பா சலூன் வைத்திருந்தார். முடி வெட்ட வருகிறவர்களுக்காகப் பேப்பரும் வாரப் பத்திரிகையும் கிடக்கும். ஷேவிங்குக்கு வந்த ஒரு காலேஜ் அண்ணன் மறந்து வைத்துவிட்டுப் போன புத்தகத்தில்தான் நான் முதலில் அந்தக் கையைப் பார்த்தேன். ஆள் இல்லை. காற்றில் ஒரு கை மட்டும் மிதந்து வந்து கதவைத் திறக்கிறது. அவர் திரும்பி வந்து கேட்டபோது அப்பா என்னைப் பார்த்தார், நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

அதற்கு அப்புறம் வாடகைப் புத்தகக் கடைதான். நாளைக்கு அஞ்சு பைசா. ஊர்ப் பையன்கள் எல்லார் கையும் பட்டு வருகிற புத்தகம், பாதிக்கு மேல் கடைசித் தாள் இருக்காது. வில்லன் செத்தானா தப்பித்தானா என்று தெரியாமலே எத்தனையோ கதைகளைப் படித்து முடித்தேன். பல வருடம் கழித்து மறுபதிப்பு வந்தபோது நான் முதலில் புரட்டியது கடைசிப் பக்கங்களைத்தான். ஒரு கதையில் நானாக நினைத்து வைத்திருந்த முடிவே தேவலை என்று தோன்றியது, அது வேறு விஷயம்.

மாயாவிக்கு உடம்பில் கரண்ட் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். பத்து வயதில் ஆச்சியின் இரும்புக் கரண்டியை சலூன் பிளக்கில் நானும் விட்டுப் பார்த்தேன். மறையவில்லை. எதிர்ச் சுவரில் போய் விழுந்தேன். அப்பா அடித்த அடியில் முதுகுதான் ஒரு வாரத்துக்கு நன்றாகத் தெரிந்தது. (இதைப் படிக்கும் பிள்ளைகள் யாரும் அந்த வேலை செய்ய வேண்டாம். நான் பிழைத்தது அதிர்ஷ்டம்.) கரண்ட்மேல் வந்த பயமோ ஆசையோ, ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்து, மதுரையில் ஒரு நூற்பாலையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். மாயாவி செய்கிற மாதிரி இரும்பு விரல்களை பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் விட்டால், ஃபேஸும் நியூட்ரலும் (கரண்ட் வருகிற கம்பியும் திரும்புகிற கம்பியும்) அந்த இரும்புக்குள்ளேயே ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகுமே தவிர, ஆள் மறைய மாட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகப் படிப்பதை நிறுத்தவில்லை. சட்டை பேன்ட்டெல்லாம் சேர்ந்து எப்படி மறைகிறது என்றுகூடச் சின்ன வயதில் சண்டை போட்டிருக்கிறோம். ஆகவே படம் எடுக்கிறவர்கள் விஞ்ஞானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதில் தப்பு செய்தால் நாங்கள் கேட்கமாட்டோம். நாங்கள் கேட்பது வேறு.

‘ரசிகர்கள் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். இரும்புக்கை மாயாவி தன் கனவுப் படம் என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொன்ன நாளிலிருந்து எங்கள் காமிக்ஸ் வட்டத்தில் வேறு பேச்சு இல்லைதான். ஆனால் அதை ஆவல் என்று சொல்லிவிட முடியாது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ராத்திரி போன் வந்தால் எப்படி எடுப்போம்? அப்படித்தான் ஒவ்வொரு செய்தியையும் திறக்கிறோம். பட்டது அப்படி.

கேப்டன் டைகர் தெரியும்தானே? ஷார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்த பிரெஞ்சுக் கௌபாய்க் கதை. அங்கே பெயர் புளூபெர்ரி, நமக்கு டைகர். அதில் ‘தங்கக் கல்லறை’ கதையைப் படித்தால் அந்தப் பாலைவனத்துத் தாகம் நமக்கே எடுக்கும். அதை 2004-ல் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் மகன் பெங்களூரிலிருந்து டிவிடி வாங்கி வந்தான். நாலு பேராக உட்கார்ந்தோம். மூக்கு உடைந்த, சீட்டாடுகிற, மேலதிகாரியை மதிக்காத எங்கள் டைகரைக் காணோம். கடைசியில் மந்திரவாதி மாதிரி ஒருவர் எதையோ குடிக்கக் கொடுக்க, திரை முழுக்கப் பாம்பும் பூச்சியும் கலர் கலராக நெளிகிறது, நெளிகிறது, நெளிந்துகொண்டே இருக்கிறது. என் நண்பர் எழுந்து போய் டிவி கெட்டுவிட்டதா என்று பின்னால் தட்டிப் பார்த்தார். அதை ரசிக்கிறவர்களும் உலகத்தில் இருப்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். டைகர் பெயரைப் போட்டதற்குத்தான் எங்களுக்கு வருத்தம்.

நன்றாகவும் செய்திருக்கிறார்கள். ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ரபி தன் சின்ன வயசுக் கதையைத் தானே வரைந்து புத்தகமாக்கினார். ‘பெர்செபோலிஸ்’. 2007-ல் இன்னொருவரோடு சேர்ந்து தானே படமாகவும் எடுத்தார். என் மகள் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். எனக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பெரும்பாலும் அதே கறுப்பு வெள்ளையில், புத்தகத்தில் இருந்த அதே முகங்கள் நடமாடின. யாருடைய கை வரைந்ததோ அந்தக் கையைத் திரையிலும் பார்க்க முடிந்தது.

மாயாவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கிலாந்தில் 1962-ல் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் அதை வரைந்த ஸ்பெயின்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ 1995-ல் இறந்துவிட்டார். அவர் செய்த வித்தை மிகவும் எளிது. மாயாவி நிற்கிற இடத்தில் ஒன்றுமே வரையமாட்டார். தாளை அப்படியே விட்டுவிடுவார். அந்த வெற்றிடத்தில் ஆள் எப்படி நிற்கிறான், குனிகிறானா நிமிர்கிறானா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவகாசித் தாளில் மை கொஞ்சம் அப்பியிருந்தால்கூட, அது மாயாவியின் நிழலோ என்று பார்த்திருக்கிறேன். இப்போது கிராபிக்ஸ் வசதி இருக்கிறதே என்று அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஓர் உருவத்தை மினுமினுக்க விட்டார்கள் என்றால் போச்சு. ஒன்றும் இல்லாமல் விடுங்கள் சாமி.

அதைவிடப் பெரிய சிக்கல் ஹீரோ. நம் சினிமாவில் ஹீரோ என்றாலே முகம். முதலில் ஷூவைக் காட்டி, அப்புறம் கையைக் காட்டி, முதுகைக் காட்டி, முகம் திரும்பும்போது தியேட்டர் இடியும். இங்கே கையோடு நின்றுவிட வேண்டும், முகம் வரவே கூடாது. அவ்வளவு சம்பளம் வாங்குகிற எந்த நடிகர் இதற்குச் சம்மதிப்பார்? மதுரைக்காரன் அந்தக் கைக்கும் விசிலடிப்பான், பாலும் ஊற்றுவான், அதற்கு நான் பொறுப்பு. தயாரிப்பாளர் நம்ப வேண்டுமே.

எங்கள் ஊர் ரீகல் தியேட்டரைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியும். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றம். அந்தக் காலத்தில் அங்கேயே நூலகமும் உண்டு, இங்கிலீஷ் படமும் உண்டு. பகலில் படிக்கிற இடம், பொழுது சாய்ந்தால் படம் பார்க்கிற இடம். அங்கே படம் பார்க்கும்போதெல்லாம் மாயாவி இந்தத் திரையில் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததுண்டு. இப்போது எனக்கு வயது அறுபது தாண்டிவிட்டது.

சரி, வலது கைக்கு வருகிறேன்.

மில்லில் எனக்கு சீனியராக ஓர் அண்ணன் இருந்தார், ஃபிட்டர். 1988-ல் ஒரு நாள் பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்று நிறுத்தச் சொன்னார். சுவிட்சை அணைத்தது நான்தான். கார்டிங் சிலிண்டர் அணைத்தவுடன் நிற்காது, கனம் அப்படி, சுற்றிக்கொண்டே இருந்துதான் ஓயும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் என்ன நினைப்பில் இருந்தாரோ, கையை விட்டுவிட்டார். மணிக்கட்டோடு போய்விட்டது. வலது கை.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது எதை வாங்கிப்போவது என்று தெரியாமல் நான் இரண்டு மாயாவி புத்தகம் எடுத்துப்போனேன். இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. கை போன மனிதனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற புத்தகமா அது? ஆனால் அவர் வாங்கினார். நான் பக்கம் புரட்டிவிட, கட்டிலில் சாய்ந்தபடி முழுக்கப் படித்தார். முடித்துவிட்டுச் சொன்னார்: “இவன் ஷாக் அடிச்சா மறைஞ்சிர்றான்டா தம்பி. எனக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில மறையணும். அதுக்கு என்ன செய்ய?”

அவர் எதைச் சொன்னார் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இடது கையால் சாப்பிடுகிறவரைப் பந்தியில் எத்தனை கண் பார்க்கும்? மொய்ப் பணத்தை எந்தக் கையால் நீட்டுவது? பேரப் பிள்ளைக்குத் திருநீறு எந்தக் கையால் பூசுவது? செயற்கைக் கை ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதை விசேஷ வீடுகளுக்கு மட்டும் மாட்டிப் போவார், சும்மா மடியில் வைத்துக்கொள்ள. தெருப் பையன்கள் கொஞ்ச நாள் ‘மாயாவி’ என்று கூப்பிட்டார்கள். கோபப்படமாட்டார். ஒருவனைப் பிடித்து நிறுத்தி, “அவன் பேரு லூயிஸ் கிராண்டேல், அதையும் சேர்த்துச் சொல்லு” என்றார்.

கதையில் லூயிஸ் கிராண்டேல் யார்? ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தில் வலது கை போய் இரும்புக்கை மாட்டிக்கொண்டவன். மறைகிற சக்தி வந்ததும் உடனே நல்லது செய்யக் கிளம்பவில்லை. திருடினான், ஊரை மிரட்டினான். நிழற்படையில் சேர்ந்து உளவாளியானதும், விரலில் துப்பாக்கி வந்ததும் எல்லாம் பின்னால்தான். சின்ன வயதில் அந்தத் திருட்டுக் கதை எனக்குப் பிடிக்காது. ஹீரோ எதற்குக் கெட்டவனாக இருக்கிறான் என்று அவசரமாகப் புரட்டிவிடுவேன். அண்ணனைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. கை போனவனுக்கு முதலில் வருவது கோபம். அண்ணனும் ஒரு வருடம் யாரோடும் பேசவில்லை, என்னோடு உட்பட. சுவிட்சை அணைத்தவன் நான் அல்லவா.

படம் எடுக்கிறவர்கள் வெட்டித் தூக்கிவிடுவார்களோ என்று நான் பயப்படுவது இந்தக் கோபத்தைத்தான். முதல் காட்சியிலேயே அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற உத்தமனாக அவனைக் கொண்டுவந்துவிட்டால், அப்புறம் இரும்புக்கை வெறும் ஆயுதம்தான். கோடாலி, அரிவாள் வரிசையில் அதுவும் ஒன்று. எங்களுக்கு அந்தக் கை ஆயுதமாக மட்டும் இருந்திருந்தால், அறுபது வயதில் தமுக்கம் புத்தகத் திருவிழாவில் வரிசையில் நின்று மறுபதிப்பு வாங்கமாட்டோம்.

அண்ணன் இப்போது சமயநல்லூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். உங்கள் ஞாயிறு பக்கம் வந்த அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் போன் செய்துவிட்டார். “மாயாவி படம் வருதாமே, எடுத்தா ஒரு எடத்துலயாவது அவன் சாப்புடுறதக் காட்டுவானுகளாடா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். காட்டுவதாக இருந்தால் தனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொன்னார். அப்புறம்தான், “படத்துல கையைத் தப்பாப் போட்டிருக்கானுக, பாத்தியா?” என்றார். எனக்கு முன்னால் கவனித்தது அவர்தான்.

ஆகவே திருத்தம் ஒன்று போடுங்கள். சின்ன எழுத்தில் மூலையில் போட்டாலும் போதும். அவர் எட்டாம் பக்கம் வரைக்கும் விடாமல் படிக்கிறவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் எலெக்ட்ரீஷியன்,
ஆரப்பாளையம், மதுரை.

(பெயர் போட வேண்டாம். வாடகைக் கடையில் எடுத்துத் திருப்பித் தராத மாயாவி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.)