கருத்தடை பற்றிக் கேட்டவர்களுக்கு

கடலூர் முதுநகர் மகளிர் குழு அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். தனியாக மெசேஜ் போட்டுக் கேட்பதைப் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆணுறை, மாலா-என், சாயா மாத்திரை, அந்தரா ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி எல்லாமே அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மாலா-என் தினமும் போட வேண்டும். சாயா அப்படி இல்லை, முதல் 3 மாதம் வாரத்துக்கு 2, அப்புறம் வாரம் ஒன்று, அதில் ஹார்மோன் கிடையாது என்பதால் பால் கொடுப்பவர்களும் போடலாம். அந்தரா 3 மாதத்துக்கு ஒரு முறை. அந்த ஊசி போட்டால் மாதவிலக்கு முன்னே பின்னே ஆகும், சிலருக்கு நின்றுகூடப் போகும், பயந்துபோய் விட்டுவிடாமல் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

சரி, கருத்தடை ஆபரேஷன் என்றாலே பெண்கள்தான் போக வேண்டுமா என்ன? ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான நவீன வாசக்டமி கத்தி, தையல் இல்லாதது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், ஆண்மையும் குறையாது. கடலுக்குப் போகிறவர்கள் ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் செய்துகொண்டால் ஓய்வும் கிடைக்கும். ஆனால் அதற்கப்புறம் 3 மாதம் ஆணுறை கட்டாயம், விந்துப் பரிசோதனை பார்த்த பிறகுதான் விடலாம். இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டுக்காரருக்கு ஃபார்வர்டு பண்ணுங்கள்.