அந்த மரத்தடியைக் கூட்டுகிறவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எழுபதுகளின் பிரிட்டிஷ் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த நீண்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பீட்டில்ஸ் பிரிந்ததிலிருந்து பங்க் என்ற முரட்டு ராக் வரும் வரைக்கும் நடந்ததைத் தமிழில் இவ்வளவு விரிவாக நான் படித்ததில்லை. அதற்கு நன்றி. ஆனால் அதில், ஜிகினாவும் ஒப்பனையுமாக மேடையேறிய கிளாம் ராக்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியிலும் பாதி உடை, ஒப்பனை, பூட்ஸ். மீதி, பள்ளிச் சிறுமிகளின் கூச்சலில் பிழைத்த இசை என்ற ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தெற்கு லண்டனில் வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பராமரிப்பது என் வேலை. வாரத்தில் மூன்று நாள் நான் போகும் ஒரு வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு 1972இல் பதின்மூன்று வயது. அந்தக் கூச்சலைப் போட்ட சிறுமிகளில் அவரும் ஒருவர். அந்த வருடம் மார்ச் 18ஆம் தேதி வெம்ப்ளியில் எம்பயர் பூல் அரங்கில் டி. ரெக்ஸ் குழு ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள் நடத்தியது. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் அதைப் படம் பிடித்தார். முதல் நிகழ்ச்சிக்கு அக்காவோடு போனவர் இவர். இப்போது மூட்டுவலியால் மாடிப்படி ஏற முடியாது. ஆனால் அன்றைக்கு டி. ரெக்ஸின் பாடகர் மார்க் போலன் எந்தப் பாட்டை எந்தப் பாட்டுக்கு அப்புறம் பாடினார் என்று இன்றும் தடுமாறாமல் சொல்வார்.

அவரிடம் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு இருக்கிறது. 'ஜாக்கி' என்ற சிறுமிகள் பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்களை ஒட்டி வைத்திருக்கிறார். 1971 மார்ச்சில் பிபிசி தொலைக்காட்சியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' இசை நிகழ்ச்சியில் 'ஹாட் லவ்' பாட வந்த போலன், கண்ணுக்குக் கீழே ஜிகினா பூசிக்கொண்டு வந்தாரே, கிளாம் ராக் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். அன்று இங்கிலாந்தில் பாதிக்கு மேல் வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். அந்த ஜிகினா இவருக்குச் சாம்பல் நிறப் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கிறது. அதனால் நோட்டில் ஒட்டிய ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குக் கீழே பசை தடவி, கைவேலைக்கு வாங்கிய ஜிகினாப் பொடியைத் தானே தூவியிருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்தைப் புரட்டினால் இன்றும் உதிர்கிறது. சில நாள் வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றும்போது என் கைமடிப்பில் ஒரு துணுக்கு மின்னும்.

சரி, இந்தச் சிறுமிகளுக்கு என்ன தெரியும் என்றுதானே கேட்பீர்கள்? அன்றைய விமர்சகர்களும் அப்படித்தான் கேட்டார்கள். அதற்கு முன் போலன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூட ஒருவர் பாங்கோ மேளம் தட்ட, தேவதைக் கதைகளைப் பாடிக்கொண்டிருந்தவர். அப்போது அவரைக் கேட்டவர்கள் கல்லூரிப் பையன்கள். அவர் மின்கிதாரை எடுத்ததும், பாட்டு மூன்று நிமிடத்துக்குச் சுருங்கியதும், ஆட வைத்ததும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. காசுக்கு விலைபோய்விட்டார் என்றார்கள். சிறுமிகளுக்குப் பிடித்துவிட்டது என்பதே பாட்டுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பெண்பிள்ளைகள் ஒன்றை நேசித்தால் அதன் மதிப்பு குறைந்துவிடும் என்ற இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. 'ஹாட் லவ்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. பிறகு ஸ்மித்ஸ் குழுவின் கிதார் கலைஞராகப் பெயர் வாங்கிய ஜானி மார், சின்னப் பையனாக முதன்முதலில் வாங்கிய இசைத்தட்டு டி. ரெக்ஸின் 'ஜீப்ஸ்டர்'. 1977இல் பங்க் குழுவான டாம்ட், போலனோடு ஊர் ஊராகப் போய் அவருக்கு முன்னால் மேடையேறியது. அந்தச் சிறுமிகளின் காது ஒன்றும் பொய் சொல்லவில்லை.

கட்டுரை இன்னொரு கிளாம் குழுவான ஸ்லேடை வேடிக்கைத் தொப்பிக்காரர்கள் என்று தாண்டிப் போய்விட்டது. அதன் பாடகர் நாடி ஹோல்டரின் தொப்பியில் கண்ணாடிகள் பதித்திருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் வுல்வர்ஹாம்டன் பக்கத்துக்காரர்கள், இரும்பும் நிலக்கரியுமாக வாழ்ந்த வட்டாரம். ஹோல்டரின் அப்பா ஜன்னல் துடைக்கும் தொழிலாளி. பாட்டுத் தலைப்புகளில் அகராதி எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு, தங்கள் ஊர் வாயில் வருகிறபடியே எழுதினார்கள். பேச்சுத் தமிழை அப்படியே அச்சில் பார்க்கும்போது நமக்கு ஒரு நெருக்கம் வருமே, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் நடந்தது. 1971 முதல் 1973 வரை ஆறு முறை முதலிடம். 1973 ஜூலையில் கார் விபத்தில் டிரம்மர் டான் பவல் படுகாயம் அடைந்தார். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் இறந்துபோனார். நினைவாற்றல் பாதிக்கப்பட்ட நிலையிலும் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து வாசித்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் இங்கே கடைகளில் காது புளிக்கும் அளவுக்கு ஒலிக்கும் ஸ்லேடின் கிறிஸ்துமஸ் பாட்டில் கேட்பது, விபத்து நடந்த சில மாதங்களுக்குள் அவர் வாசித்த டிரம்ஸ். ஸ்லேடு ரசிகர்கள் இதை மறப்பதில்லை. எனக்கே இது தெரிந்தது அந்த அம்மா சொல்லித்தான்.

ரசிகர்களின் காது எப்படிப்பட்டது என்பதற்கு ஸ்வீட் என்ற கிளாம் குழுவையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய வெற்றிப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தவர்கள் சின், சாப்மேன் என்ற இரட்டையர். முதல் சில தட்டுகளில் வாசித்ததுகூட வெளியாட்கள்தான். ஆனால் தட்டைத் திருப்பிப் போட்டால் ஸ்வீட் தாங்களே எழுதி, தாங்களே வாசித்த முரட்டுப் பாட்டு இருக்கும். கடைக்காரரும் வானொலியும் கண்டுகொள்ளாத அந்தப் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டது யார்? ஜிகினாவுக்கு மயங்கியவர்கள் என்று நீங்கள் ஒதுக்கும் அதே பிள்ளைகள்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டேப் விலை அதிகம் என்பதால் பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. எழுபதுகளின் முதல் வருடங்களில் வந்த 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சிகளில் நிறைய இப்படித்தான் போயின. 1973 ஜனவரியில் கிளாம் பாடகர் டேவிட் போவி 'ஜீன் ஜீனி' பாடியதும் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அன்று படம் பிடித்த கேமராக்காரர் ஜான் ஹென்ஷால் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். 2011இல்தான் அது வெளியே வந்தது. நிறுவனம் துடைத்துப் போட்டதை ஒரு தனி மனிதர் முப்பத்தெட்டு வருடம் வீட்டில் காப்பாற்றியிருக்கிறார். அந்தப் பதிவை அந்த அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு முடியும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

கடைசியாக, அந்த மரம். 1977 செப்டம்பர் 16, விடிவதற்கு முன் போலன் வந்த மினி கார் பார்ன்ஸில் குவீன்ஸ் ரைட் சாலையில் ஒரு சிறிய பாலம் தாண்டியதும் தடம் புரண்டு, மரத்தடியில் மோதி நின்றது. போலன் இறந்துபோனார். முப்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அன்றிலிருந்து ரசிகர்கள் அந்தச் சிக்கமோர் மரத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். 1999இல் டி. ரெக்ஸ் ஆக்‌ஷன் குரூப் என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தி இடத்தைப் பராமரிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். சரிவில் ஏறி வர வசதியாகப் படிகள் கட்டினார்கள். 2002இல் போலனின் வெண்கல மார்பளவுச் சிலையை அவருடைய மகன் ரோலன் திறந்துவைத்தார். அப்பா போனபோது ரோலனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. குழுவில் இருந்து மறைந்த மற்றவர்களின் பெயர்களையும் ரசிகர்கள் அங்கே பதித்திருக்கிறார்கள். நாயகனை மட்டும் வைத்துக்கொண்டு கூட வாசித்தவர்களை விட்டுவிடவில்லை. ரசிகர் மன்றங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

போன வருடம் அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் அங்கே கூட்டிப்போனேன். படிகளுக்குக் கீழே நிறுத்திவிட்டு நான் மட்டும் ஏறினேன். மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதங்கள், வெளிறிப்போன படங்கள், ஓர் இறகு மாலை. பெரியவர் ஒருவர் கையில் துடைப்பத்தோடு இலைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்றெல்லாம் கேட்கவில்லை. கீழே இருப்பவர் 1972இல் வெம்ப்ளியில் இருந்தவர் என்று சொன்னேன். துடைப்பத்தைச் சிலையில் சாய்த்துவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் முதல் நிகழ்ச்சியா இரண்டாவதா, எந்தப் பக்கத்து இருக்கை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் கட்டுரையில் போலன் தாமே காரை ஓட்டி விபத்தில் இறந்தார் என்று இருக்கிறது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஓட்டியவர் அவருடைய துணைவி குளோரியா ஜோன்ஸ். 'டெயின்டட் லவ்' பாட்டை முதலில் பதிவு செய்த பாடகி, அவரும் அந்த விபத்தில் பலத்த காயம் அடைந்தார். நான் கட்டுரையை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்ன இடம் இது ஒன்றுதான். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் அந்தப் பக்கத்தை அவரிடம் கொடுப்பேன். தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் நோட்டில் இன்னும் சில பக்கங்கள் காலியாக இருக்கின்றன, ஒட்டிவைத்துக்கொள்வார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தெற்கு லண்டன்