எலும்பின் ஸ்டெம் செல்லையும் விண்வெளிக்குக் கூட்டிப் போங்கள்

இஸ்ரோவின் மனித விண்பயணத் திட்டத்தில் உழைக்கும் அறிவியலாளர்களுக்கு வணக்கம்.

போன வருடம் அம்மா வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். முதல்முறை பிடித்து நிற்க வைத்தபோது நைட்டிக்குக் கீழே தெரிந்த கால்களைப் பார்க்கவே முடியவில்லை. கெண்டைச்சதை வற்றி, தோல் தொங்கியது. "சும்மாதானே படுத்திருந்தேன்" என்றார். அந்தச் 'சும்மா'தான் காரணம் என்றார் டாக்டர்; விண்வெளி வீரர்களுக்கும் இதேதானாம். அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எடையற்ற நிலையில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையுமாம். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 17 வீரர்களில் பலருக்குப் பூமி திரும்பி ஓராண்டு ஆன பிறகும் கீழ்க்கால் எலும்பு பழையபடி ஆகவில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது மஜ்ஜையைப் பற்றிப் படித்தபோது. அங்கிருக்கும் ஸ்டெம் செல் எலும்பு கட்டும் செல்லாகவும் மாறலாம், கொழுப்புச் செல்லாகவும் மாறலாம். நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் விழும் பாரம் அந்தச் செல்லின் உள்ளே ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகளை விறைப்பாக வைக்கிறது. அந்த விறைப்பு அதை எலும்பின் பக்கம் தள்ளுகிறது. ஆய்வகத்தில் சுழலும் கருவியில் வைத்து எடையின்மையைப் போலச் செய்து பார்த்தபோது இழைகள் தளர்ந்தன. எலும்பாக்கத்தைத் தொடங்கிவைக்கும் ரன்எக்ஸ்2 மரபணு அடங்கியது, கொழுப்பாக்கும் மரபணு தலைதூக்கியது. இருக்கிற சுவர் கரைவது ஒரு பக்கம். கட்ட வேண்டிய கொத்தனாரே வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

2025இல் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தசை ஸ்டெம் செல்களை வைத்து ஆய்வு செய்தார் என்று படித்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். சரி, அடுத்தது எலும்பாக இருக்கட்டும். 2035க்குள் நாம் அமைக்கப்போகும் விண்வெளி நிலையத்தில் இதற்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். இளைஞர்களின் செல்களோடு நிறுத்திவிடாமல், மாதவிடாய் நின்ற பெண்களின் செல்களையும் எடுத்துப் போங்கள். எலும்பு வலுவிழக்கும் எலும்புப்புரை நோயால் அதிகம் முறிவது அவர்கள் எலும்புதான். கிடைக்கும் தரவுகளை அரசு மருத்துவமனைகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவுகளுக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கும் திறந்து கொடுங்கள்.

இந்த மடலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாக்கரைப் பிடித்தபடி நின்று கேட்டார். "என் எலும்புலேர்ந்து எடுக்கலாம்னா எடுத்துக்கச் சொல்லு" என்றார். அதையும் எழுதச் சொன்னார்.

அன்புடன்,
ஒரு மகள்