எழுந்து மிதிக்க முடியாத கடைசிக் கிலோமீட்டர்

மதிப்பிற்குரிய அன்னமீக் வான் ஃப்ளூட்டன் அவர்களுக்கு,

வணக்கம். 2016 ஆகஸ்ட் 7 அன்று ரியோ ஒலிம்பிக் சைக்கிள் சாலைப் பந்தயத்தில் தனியாக முன்னிலையில் சென்றுகொண்டிருந்த நீங்கள், விஸ்டா சினேசா மலையிறக்கத்தின் ஈரமான வளைவொன்றில் தூக்கி எறியப்பட்டு, சாலையோரக் கல்விளிம்பில் அசைவற்றுக் கிடந்த காட்சி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. முதுகெலும்பில் மூன்று சிறு முறிவுகள், மூளையதிர்ச்சி என்று செய்தி வந்தபோது, நீங்கள் உயிர்பிழைத்ததே போதும் என்றிருந்தது. அடுத்த ஆண்டே நார்வேயின் பெர்கனில், ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் டைம் டிரையலில் உலகச் சாம்பியன் ஆனீர்கள்.

அதன்பின் 2018இல் முழங்கால், 2020இல் மணிக்கட்டு, 2021இல் இடுப்பெலும்பு என முறிவுகள் தொடர்ந்தன. டோக்கியோ ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் ஏற்கெனவே வென்றுவிட்டதை அறியாமல், தங்கம் வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினீர்களே, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. உலகமே பார்த்த அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு மூன்றே நாளில் டைம் டிரையலில் தங்கம் வென்றீர்கள்.

எனினும் நான் எழுத விரும்பியது ஆஸ்திரேலியாவின் வோலங்காங்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் பற்றி. 2022 செப்டம்பரில், சாலைப் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, கலப்பு அணிப் போட்டியில் விழுந்து முழங்கை எலும்பு முறிந்தது. இருக்கையைவிட்டு எழுந்து மிதிக்க முடியாதவர் மலையேற்றத்தில் என்ன செய்ய முடியும்? உங்கள் நெதர்லாந்து அணித் தோழி மரியான் வோஸுக்கு உதவுவதற்காகவே அன்று புறப்பட்டீர்கள். கடைசி ஏற்றத்தில் பின்தங்கி, மழையில் விரட்டிச்சென்று முன்னணிக் குழுவை எட்டிப்பிடித்த நீங்கள், மூச்சு வாங்கக்கூட நிற்காமல், வந்த வேகத்திலேயே, அமர்ந்தபடியே, எல்லோரையும் தாண்டிச் சென்றீர்கள். லோட்டே கோபெக்கி போன்ற வேகப் புலி இருந்த குழுவோடு முடிவுக் கோடுவரை காத்திருந்திருந்தால் தோல்வி உறுதி. வலியைத் தாங்கியவர்கள் பலருண்டு. தம் உடலால் அன்று எது முடியாது என்பதைச் சரியாகக் கணக்கிட்டு, எஞ்சிய ஒரே வழியில் வென்றவராகவே உங்களைப் போற்றுகிறேன்.

அவர்களை எட்டியதும் நிற்காமல் போய்விடுவது என்ற முடிவை எந்த நொடியில் எடுத்தீர்கள்? அதை உங்களிடமே கேட்கத்தான் இக்கடிதம்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் ரசிகர் ஒருவர்