‘விடை: ஆ’ என்று மட்டும் போட்டால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மாலை வேளைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு குரூப் 4 தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கம்தான் அவர்களில் பலருக்குப் பயிற்சிப் புத்தகம்.

போன வாரம், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கேள்வியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். ‘கூற்று: ஊட்டியில் கோடையிலும் குளிர்ச்சி நிலவுகிறது. காரணம்: நீலகிரியில் தேயிலை விளைகிறது.’ காரணம் கூற்றைச் சரியாக விளக்குகிறது என்று குறித்திருந்தாள். நீங்கள் கொடுத்த விடை ‘ஆ’. இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்கு விளக்கம் இல்லை. “ரெண்டும் உண்மைதானே டீச்சர், அப்புறம் எப்படித் தப்பாகும்?” என்று கேட்டாள்.

உண்மைதான். ஆனால் ஊட்டி குளிர்வது 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால். தேயிலை அந்தக் குளிருக்கும் மழைக்கும் ஏற்ற பயிர், அவ்வளவே. இந்த ஒரு வரியை விடைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் அவள் ஒரு வாரம் குழம்பியிருக்க மாட்டாள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘வெயில் கொளுத்துகிறது. சாலையில் மரமே இல்லை. பேருந்து நிறுத்தத்துக்குக் கூரையும் கிடையாது.’ இதைக் கொடுத்தால் பாதிப் பேர் வாதம் என்கிறார்கள். மூன்றுமே வெறும் கூற்றுகள். ‘ஆகவே நிறுத்தத்துக்குக் கூரை போட வேண்டும்’ என்று சேர்த்த பிறகுதான் மற்றவை அதைத் தாங்கி நிற்கின்றன, வாதம் ஆகிறது.

சரி, ‘ஆகவே’, ‘அதனால்’ இருந்தால் வாதம் என்று மனப்பாடம் செய்யலாமா? அதுவும் கூடாது. ‘நல்ல மழை, அதனால் ஏரி நிரம்பியது’ என்பது விளக்கம். ஏரி நிரம்பியதைத்தான் எல்லோரும் பார்த்தாயிற்றே! ‘ஏரி நிரம்பியிருக்கிறது, அதனால் மேற்கே மழை பெய்திருக்க வேண்டும்’ என்பது வாதம். கண்ணால் கண்டதை வைத்துக் காணாததை நிறுவுகிறது. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்வதும் இதைத்தான்: மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அன்றே பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இதைச் சொன்ன அன்று வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

குரூப் 4-இல் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அதில்தான் தரவரிசை எங்கேயோ போய்விடுகிறது. எல்லாக் கேள்விக்கும் இடம் இருக்காது என்று எனக்குத் தெரியும். கூற்று – காரணம் கேள்விகளுக்கு மட்டுமாவது, ஏன் அந்த விடை என்று ஒரு வரி போடுங்கள். கேள்வியின் எண்ணிக்கையை 20-லிருந்து 15 ஆகக் குறைத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி